அண்ணனுக்கு நாங்கள் ஊட்டிய நாட்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அண்ணனைக் கடைசியாகப் பார்த்தபோது அவர் பேச்சில்லாமல் படுத்திருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எப்படி இருந்த மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எப்படி இருந்தார் என்பதையும், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும், அவர் வளர்த்த தங்கை என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இன்றும் என் பக்கத்தில் யாராவது தண்ணீர் குடித்தால் என் கண் குடிப்பவருடைய தொண்டைக்குப் போய்விடுகிறது. பள்ளியில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தபடி நிற்கிறேன். ஒரு கவளம் உள்ளே போகிறது, தொண்டை மேலே ஏறி இறங்குகிறது, அடுத்த கவளத்துக்குக் கை போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிவதில்லை. "என்ன டீச்சர் அப்படிப் பாக்குறீங்க" என்று ஒருத்தி கேட்டாள். ஒன்றுமில்லை, சாப்பிடு என்றேன்.

அண்ணனின் மனைவியான மதினி மிக்சியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். சட்னிக்கு இப்போது அம்மிதான். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, அது ஓய்கிற வரைக்கும் அப்படியே நிற்பார். அம்மா முற்பகலில் எழுந்து அடுக்களைக்குப் போகிறார். "என்னம்மா வேணும்" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல புள்ள, சும்மா வந்தேன்" என்கிறார். அண்ணனுக்குக் கஞ்சி வடிகட்டுகிற நேரம் அது. அம்மாவுக்குத் தெரிந்துதான் போகிறாரா, கால்கள் தாமாகப் போகின்றனவா என்று நாங்கள் கேட்பதில்லை.

அண்ணன் பாம்பனில் பிறந்தவர். எங்கள் அய்யா நாட்டுப் படகில் கடலுக்குப் போனவர். ஒரு மழைக்காலத்தில் போன அய்யா திரும்பவில்லை. படகு மட்டும் ஒதுங்கியது. நான் அப்போது கைக்குழந்தை. அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறேன் என்று அவர் நின்றபோது அம்மா விடவில்லை. "ஒருத்தரைக் குடுத்தது போதும்லே. நீ தரையில நின்னு பொழைச்சுக்க" என்றாராம். அண்ணனும் தரையில் நின்றே பிழைத்தார். மீன் வண்டியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, பிறகு சொந்தமாக ஒரு வண்டி வாங்கினார். பாம்பனில் ஐஸ் போட்டு ஏற்றிய மீனை மதுரைக்கும் கேரளத்துக்கும் கொண்டுபோனார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்ததும், எனக்குத் திருமணம் நடந்ததும் அந்த வண்டியின் உழைப்பில்தான்.

அண்ணன் சாப்பாட்டுப் பிரியர். இதை மறைக்க ஒன்றுமில்லை, உங்களுக்கே தெரியும். பாம்பனிலிருந்து மதுரை வரை எந்தக் கடையில் எந்த வேளையில் எது நன்றாக இருக்கும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு புறப்பட்டவர்கள் நீங்கள். பரமக்குடியில் ஒரு கடைக்காரர் அண்ணன் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டதும் கல்லில் மாவைப் போட்டுவிடுவாராம். தனியாகச் சாப்பிட அவருக்குப் பிடிக்காது. கிளீனரைத் தன் எதிரில் உட்காரவைத்துத்தான் சாப்பிடுவார். வீட்டிலும் அப்படியே. யார் வந்தாலும் முதல் கேள்வி "சாப்டாச்சா" என்பதுதான். ஆச்சு என்று சொன்னாலும் தட்டு வந்துவிடும்.

தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் புகையிலை ஒதுக்கும் பழக்கம் வண்டியோடு வந்தது. இதை மலரில் எழுத வேண்டாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். அண்ணனோடு ஓடிய ஓட்டுநர்கள் இன்று வந்திருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று பல்லை ராவிவிட்டு வந்தார். புண் ஆறவில்லை. காரம் பட்டால் கண் கலங்கும். மிளகாய் அதிகம் என்று மதினியைக் குறை சொல்லிக்கொண்டே சில மாதங்கள் ஓட்டினார். கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் மதுரை மருத்துவமனைக்குப் போனோம். நாக்கில் புற்றுநோய் என்றார்கள்.

அறுவைச் சிகிச்சையில் நாக்கின் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். பேச்சு குழறியது. ஆனாலும் எங்களுக்கு விளங்கியது. அடுத்து, வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். அது தொடங்குமுன் உணவியல் மருத்துவர் ஒருவர், இளம் பெண், எங்களை உட்காரவைத்துப் பேசினார். அண்ணனை எடை மேடையில் ஏற்றி இறக்கிவிட்டு, "அய்யா, இப்போ நல்லா இருக்கீங்க. போகப் போக வாய் புண்ணாகும். எச்சில் வத்தும். எதுவும் ருசிக்காது. அப்பவும் சாப்பிடணும். மருந்து எங்க வேலை, எடை குறையாமப் பாத்துக்கிறது உங்க வேலை" என்றார்.

மதினி கேட்டார்: "கவுச்சி குடுக்கலாமாங்க? புண்ணு இருக்கையில ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாக."

"மீன், முட்டை, பால், தயிர் எல்லாம் குடுங்க. பருப்பு குடுங்க. நிலக்கடலையை வறுத்து அரைச்சுக் கஞ்சியில கலந்து குடுங்க. காரம் வேணாம், புளிப்பு வேணாம், சூடா வேணாம். பத்தியம்னு சொல்லி அவரைப் பட்டினி போட்டுராதீங்க."

ஊரிலிருந்து வந்த பேச்சு வேறாக இருந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் பழச்சாறு மட்டும் கொடு என்றார். இன்னொருவர், நன்றாகச் சாப்பிட்டால் நோயும் சேர்ந்து வளரும், வயிற்றைக் காயப்போடு என்றார். அன்போடுதான் சொன்னார்கள். அம்மா அவ்வளவையும் நம்பினார். பாம்பனிலேயே மீன் விலக்கிப் பத்தியம் பிடித்த ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் அப்போது இருந்திருக்கும்.

கதிர்வீச்சுக்கு முகம் அசையக்கூடாது என்பதற்காக ஒரு மூடி செய்தார்கள். வெந்நீரில் போட்டு இளக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, முழுக்கச் சிறு சிறு துளைகள். அதை அண்ணன் முகத்தின்மேல் விரித்து அழுத்தியதும் நெற்றி, மூக்கு, கன்னம், தாடை எல்லாம் அப்படியே அச்சாகிவிட்டது. ஆறியதும் கழற்றி மேசையில் வைத்தார்கள். அண்ணன் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார். "வலையில என் மூஞ்சிய அள்ளிட்டாங்க பாப்பா" என்றார். அவர் அன்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். நான் விடுப்பில் வந்து மதினிக்குத் துணையாக இருந்தேன். முதல் இரண்டு வாரம் அண்ணன் குழைந்த சோறும் தயிரும் அவித்த முட்டையும் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் வாய் முழுக்க வெந்துபோனது. உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எச்சில் பசைபோலக் கெட்டியானது. "எதைத் தின்னாலும் சேத்தைத் திங்கிற மாதிரி இருக்கு" என்றார். மதினி எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்துக் குடிக்கும்படி கொடுத்தார். அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டு, "மேல காத்தாடக் குடிச்சிட்டு வாரேன்" என்று மொட்டை மாடிக்குப் போவார். வெறும் டம்ளரோடு இறங்கி வருவார்.

நன்றாகக் குடிக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் கதிர்வீச்சு அறையிலிருந்து அவரைப் பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். மூடிக்கும் முகத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. கன்னம் வற்றியதால் அவருடைய முகமே அந்த அச்சுக்குள் ஆடியது. மருத்துவர் எங்களை அழைத்துப் பேசினார். முகம் அசைந்தால் கதிர் தப்பான இடத்தில் படும். வேறு மூடி செய்யலாம். ஆனால் எடை இப்படியே இறங்கினால் அதுவும் தளர்ந்துபோகும், உடம்பும் தாங்காது, சிகிச்சையை இடையில் நிறுத்த நேரும். நிறுத்தினால் நோய்க்குத்தான் லாபம். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்க வேண்டும் என்றார்.

அண்ணன் முடியாது என்றார்.

செய்தி கேட்டு அம்மா பஸ் ஏறி வந்தார். வந்ததும் அண்ணனுடைய கைகளைத் தடவிப் பார்த்தார். குழாய் என்றதும் அவரும் தலையை ஆட்டிவிட்டார். "மூக்குல குழா போட்டவுக யாரும் வீடு திரும்பிப் பாத்ததில்ல. வேணாம்யா."

"நானும் அதத்தான் சொல்றேன்" என்றார் அண்ணன். "குழா போட்டா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். நான் வாயாலயே குடிக்கிறேன்."

மதினி அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார். "மாடியில வீட்டுக்காரங்க வச்சிருக்க செடித்தொட்டிய நேத்துத்தான் பாத்தேன். மண்ணெல்லாம் வெள்ளையாக் காஞ்சு கெடக்கு. எறும்பு மொய்க்குது. நீங்க குடிச்சதெல்லாம் அங்கனதான இருக்கு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "எறங்கலயே புள்ள. கண்ணாடிச் சில்ல முழுங்குற மாதிரி இருக்கு. நீ கஷ்டப்பட்டு அரைக்கிற. வேணாம்னு எப்படிச் சொல்ல" என்றார். மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அண்ணன் அழுததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் சிகிச்சைக்குக் காத்திருந்த கூடத்தில் ஏர்வாடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பீவி அக்காவைச் சந்தித்தோம். அண்ணன் வயதுதான் அவருக்கும் இருக்கும். கன்னத்தில் புற்றுநோய். அவர் மூக்கில் குழாய் இருந்தது. முக்காட்டை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு சிறிய கண்ணாடியை எடுத்து மடியில் சாய்த்து, சிரிஞ்சைக் குழாயில் பொருத்தித் தாமே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன தம்பி, பயமா இருக்கா" என்று கேட்டார்.

அண்ணன் ஆமாம் என்று தலையசைத்தார்.

"நானும் பத்து நாளு அழுதேன். எங்க வீட்டுக்காரரு சவுதியில. போன்ல முகத்தக் காட்ட மாட்டேன்னுட்டேன். அப்புறம் நோம்பு வந்துச்சு. உனக்கு நோம்பு கடமை இல்லன்னுட்டாக. ஆனா பள்ளிவாசல்லேருந்து நோம்புக் கஞ்சி வீட்டுக்கு வந்திருச்சு. பிள்ளைக சுத்தி உக்காந்து குடிக்குதுக. நான் மட்டும் எப்படிச் சும்மா இருக்க? வடிகட்டி இதுல ஊத்திக்கிட்டேன். வயித்துல சூடா எறங்குச்சு தம்பி. வாசல் அடச்சிருந்தா கொல்லைப் பக்கமா வீட்டுக்குள்ள போறதில்லையா? அம்புட்டுத்தான்." பிறகு சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி மூடினார். "பசியோட இந்தக் கதிர்ச் சூட்டத் தாங்க ஏலாது. போட்டுக்கங்க."

அன்று பிற்பகலே அண்ணன் குழாய்க்குச் சம்மதித்தார்.

செவிலியர் மதினிக்கும் எனக்கும் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். தலைமாட்டை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். கஞ்சியை நன்றாக அரைத்து மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும், ஒரு நொய் இருந்தாலும் அடைத்துக்கொள்ளும். முன்னாலும் பின்னாலும் தண்ணீர் விட வேண்டும். அவசரமாக அழுத்தக்கூடாது, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும். கொடுத்ததும் படுக்கவிடக்கூடாது. வாயாலும் அவ்வப்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள், இல்லையென்றால் தொண்டை விழுங்குவதை மறந்துவிடுமாம். தொண்டைக்கு மறதி வரும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

அம்மாவை உணவியல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். வெளியே வந்த அம்மா நேராக மார்க்கெட்டுக்குப் போய்ப் பாறை மீன் வாங்கி வந்தார். உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவித்து, முள்ளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து, கஞ்சியோடு அரைத்து வடிகட்டினார். சிரிஞ்சைத் தானே பிடித்தார். கஞ்சி மெல்ல இறங்கியது. சற்று நேரத்தில் அண்ணனுக்கு ஓர் ஏப்பம் வந்தது. அவர் கண் விரிந்தது.

"ஏப்பத்துல மீன் வாசம் வருதும்மா" என்றார்.

"என்ன மீனுன்னு சொல்லு பாப்போம்" என்றார் அம்மா.

"பாறை."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து தினம் ஒரு மீன் வாங்கி வந்தார். அண்ணன் ஏப்பத்தில் கண்டுபிடிப்பார். சூடை மீனை மட்டும் இரண்டு முறை தப்பாகச் சொன்னார்.

எடை இறங்குவது நின்றது. புது மூடி செய்தார்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்ட அண்ணன் அதைக் கேட்டு வாங்கி வந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு கதிர்வீச்சு ஒருநாளும் தடைபடாமல் முடிந்தது. பாலம் தாண்டி ஊருக்குள் வந்தபோது அண்ணன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடற்காற்றில் முகத்தை வைத்துக்கொண்டார். மூக்கில் குழாய் இருந்தது. அதை மறைக்க அவர் துண்டு போடவில்லை.

சில வாரங்களில் குழாயை எடுத்தார்கள். பிறகு ஓராண்டுக்கும் மேல் ஆண்டவர் எங்களுக்கு அண்ணனைத் திருப்பிக் கொடுத்தார். பாலில் ஊறிய ஆப்பம், குழைந்த சோறு, முள் நீக்கிய மீன் எல்லாம் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். யாரும் அவரை விட்டு எழுந்திருக்க மாட்டோம். மறுபடியும் வண்டி ஓட்டினார். அண்ணனுடைய மகள் கல்லூரியில் சேர்ந்தபோது அவரே கொண்டுபோய் விட்டு வந்தார். பீவி அக்காவுக்கு ஒருமுறை போன் செய்தார். எடுத்தது அவருடைய மகள். அக்கா போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகிவிட்டிருந்தன. அன்று அண்ணன் வண்டியை எடுக்கவில்லை.

மறுபடியும் கழுத்தில் வீங்கியது. இந்தமுறை அறுவைக்கு இடமில்லை என்றார்கள். தொண்டை அடைத்துக்கொண்டு வந்ததால் வயிற்றில் துளையிட்டு நேராக அங்கேயே குழாய் வைத்தார்கள். அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அழைத்து வந்தோம். காலையிலிருந்து இரவு வரை மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. ராகி, பருப்பு, முட்டை, மீன், கடலை. அம்மா வடிகட்டுவார், மதினி ஊற்றுவார். விடுமுறை நாட்களில் நான் ஊற்றுவேன்.

அந்த நாட்களில் வீட்டில் எல்லாரும் ஒளிந்து சாப்பிட்டோம். அண்ணன் மனம் வருந்தக்கூடாது என்று மதினி மீன் பொரிப்பதை நிறுத்தினார். குழம்பு தாளிப்பதற்குமுன் அறைக் கதவைச் சாத்தினார். தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வாயைக் கழுவிவிட்டு உள்ளே வருவோம். மகள் கல்லூரியிலிருந்து வந்தால் அவளும் அப்படித்தான். ஒருவர் சாப்பிட்டதை இன்னொருவர் பார்த்ததில்லை. கையில் மீன் வாசம் போகச் சோப்புப் போட்டுத் தேய்ப்போம். வீட்டில் ஒரு துக்கம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் அதன் காதில் விழாமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தோம்.

கடைசி நாட்களில் உடம்பு கஞ்சியை ஏற்கவில்லை. ஊற்றினால் வயிறு உப்பியது. மேலே ஏறி வந்து மூச்சு முட்டியது. கை கால் வீங்கியது. ராமநாதபுரத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவர் அம்மாவைத் தனியாக அழைத்து, "இனி உணவு அவருக்கு வலியாத்தான் இருக்கும்மா. உடம்பு கேக்கல. பசியும் இருக்காது. உதட்டை நனைச்சுவிடுங்க, வாயை ஈரத்துணியால துடைச்சுவிடுங்க. அது போதும்" என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எம்பிள்ளைய வெறும் வயித்தோட அனுப்பச் சொல்றீகளா" என்று கேட்டார். மருத்துவர் அம்மாவின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் முற்பகலில் அம்மா வழக்கம்போலக் கஞ்சியை வடிகட்டி எடுத்து வந்தார். நானும் மதினியும் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தோம், எங்களால் முடியவில்லை. அம்மா சிரிஞ்சில் கஞ்சியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தார். அண்ணன் கண்ணைத் திறந்தார். ஒரு கையை மெல்லத் தூக்கினார். பந்தியில் போதும் என்று இலைக்கு மேல் கையை மறிப்போமே, அதுபோலத் தன் வயிற்றின்மேல் கையை விரித்து மறித்தார். அம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கொஞ்சந்தான்யா" என்றார். கை நகரவில்லை. அம்மா கஞ்சியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கவே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அதே நாள் அண்ணன் மதினியைச் சைகையால் அழைத்தார். தரையைக் காட்டினார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் காட்டினார். எங்களுக்கு விளங்கவில்லை. மதினிக்கு விளங்கியது. "நம்மள எல்லாம் இங்கன உக்காந்து சாப்பிடச் சொல்றாரு" என்றார்.

"எங்களுக்கு எப்படிலே எறங்கும்" என்றார் அம்மா. அண்ணன் உள்ளங்கையால் கட்டிலை ஒரு தட்டுத் தட்டினார்.

மதினி மீன் வாங்க ஆள் அனுப்பினார். சீலா மீன் வந்தது. குழம்பு வைத்தார், நாலு துண்டு பொரித்தார். கதவைச் சாத்தவில்லை. வாசம் வீடு முழுக்க எழுந்தது. அண்ணனைத் தலையணை வைத்து நிமிர்த்தினோம். கட்டிலுக்குக் கீழே தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. அவருடைய மகள்தான் முதலில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அண்ணன் கழுத்தை நீட்டி எல்லார் தட்டையும் பார்த்தார். மதினியின் தட்டைக் காட்டி, இன்னொரு துண்டு வைக்கச் சொல்லி என்னிடம் விரலை நீட்டினார். வைத்தேன். அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டார். அவ்வளவு மாதங்களுக்குப் பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட்ட சாப்பாடு அது. முடிகிறவரை அண்ணன் கண்ணை மூடவில்லை.

அடுத்த நாள் பங்குத் தந்தை வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தார். நற்கருணை அப்பத்தை அண்ணனால் விழுங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். பொடியளவு கிள்ளி, ஒரு துளித் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். "முழுங்க வேணாம்ப்பா. ஆண்டவர் தானாக் கரைஞ்சிருவாரு" என்றார். அண்ணன் நெடுநேரம் வாயை மூடியே வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து, ஆலயத்தில் நண்பகல் மணி அடிக்குமுன், மதினியின் கையைப் பிடித்தபடி அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

பழைய மூடி இன்னும் பீரோவின் மேல் ஒரு துண்டில் சுற்றி இருக்கிறது. அதில் அண்ணனுடைய நிறைந்த கன்னம் அப்படியே இருக்கிறது. அண்ணன் இருந்தவரை அம்மா அதைத் தொட்டதில்லை, பக்கத்தில்கூடப் போனதில்லை. இப்போது அவ்வப்போது இறக்கி ஈரத்துணியால் தூசி துடைக்கிறார். நெற்றியில் தொடங்கித் தாடை வரைக்கும் மெதுவாகத் துடைக்கிறார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்பதால் கதவுக்கு வெளியேயே நிற்கிறேன். அலமாரியைத் திறந்தால் எங்கிருந்தோ ஒரு சிரிஞ்சு உருண்டு வருகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது வாயில் ஆறாத புண் இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். சிகிச்சை நடக்கும்போது சாப்பிட முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழாய் என்றதும் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். எங்களுக்கு அண்ணனோடு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது அந்தக் குழாய் வழியாகத்தான்.

அண்ணனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், அம்மாவின் கையைப் பிடித்துப் பேசிய உணவியல் மருத்துவருக்கும், எங்களுக்குக் கற்றுத்தந்த செவிலியருக்கும், வீடு தேடி வந்த ராமநாதபுரத்து மருத்துவருக்கும், பங்குத் தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கேட்காமலே காலையில் வாசலில் மீன் வைத்துவிட்டுப் போன பாம்பன் மீனவர் வீடுகளுக்கும், வண்டியைப் பார்த்துக்கொண்ட ஓட்டுநர் நண்பர்களுக்கும், அடக்கத்தில் உடன் நின்று பெட்டி தூக்கியவர்களுக்கும் நன்றி. பீவி அக்காவின் பிள்ளைகள் இன்று ஏர்வாடியிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய தாய்க்கு நாங்கள் நேரில் சொல்ல முடியாத நன்றியை அவர்களிடம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆலயத்தில் நினைவுத் திருப்பலி முடிந்ததும் வீட்டில் பந்தி இருக்கிறது. எல்லாரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சோறு அம்மாதான் பரிமாறுவார். யார் சொன்னாலும் கரண்டியை விட மாட்டார். போதும் என்றால் கையை நீட்டி இலையை மறிக்க வேண்டாம். வாயால் சொல்லுங்கள்.